நத்தைப் பேட்டையில் ஒரு நாற்காலி

சியேனாவில் பிறக்கிற பிள்ளைக்கு ஞானஸ்நானம் இரண்டு. ஒன்று கோயிலில், பாதிரியார் கையால். அதில் யாருக்கும் தகராறு கிடையாது, கடவுள் எல்லாப் பேட்டைக்கும் பொது. மற்றது பேட்டையின் நீரூற்றடியில், பேட்டைத் தலைவர் கையால். அந்தத் தண்ணீர் தலையில் விழுந்து, கழுத்தில் பேட்டைத் துண்டும் ஏறிவிட்டால் சாகிறவரை அவன் அந்தப் பேட்டைக்காரன். மதம் மாறலாம், கட்சி மாறலாம், கட்டிய பெண்டாட்டியைக்கூட மாற்றிக்கொள்ளலாம். பேட்டையை மட்டும் மாற்ற முடியாது.

ஒரெத்தா ஆமைப் பேட்டை. அவள் மகள் லவீனியாவும் ஆமைப் பேட்டை. லவீனியாவின் கைக்குழந்தை ரனியேரி மட்டும், இந்த ஞாயிற்றுக்கிழமை மதிய மணி அடித்ததும், நத்தைப் பேட்டைக்காரனாகப் போகிறான். ஊரில் பேட்டைகள் பதினேழு. அதில் ஆமைக்கு ஒரே ஒரு பகையாளி உண்டென்றால் அது நத்தைதான். பகை எப்படி வந்தது என்று கேட்டால் இரண்டு பக்கத்துக்காரர்களும் மணிக்கணக்காகப் பேசுவார்கள், கடைசியில் கேட்டவனுக்கு ஒன்றும் விளங்காது.

இதில் ஒரெத்தா வேறு யார்மேலும் பழி போட முடியாது. வினையை விலைகொடுத்து வாங்கியவள் அவளேதான். லவீனியா போயும் போயும் நத்தைப் பேட்டை மன்ஃப்ரேதியைக் கட்டிக்கொள்வேன் என்று நின்றபோது, பிறக்கிற பிள்ளை எந்தப் பேட்டை என்பதில் விருந்து மேஜையிலேயே சம்பந்திகளுக்குள் பேச்சு முற்றியது. அப்போது கிளாசைத் தட்டி எழுந்து நின்றாள் ஒரெத்தா. பெண் பிறந்தால் ஆமை, ஆண் பிறந்தால் நத்தை, சம்மதமா என்றாள். சம்பந்திகள் யோசிக்காமல் கை கொடுத்தார்கள். ஒரெத்தாவின் வம்சத்தில் அவளுக்குத் தெரிந்து ஆண் பிள்ளையே பிறந்ததில்லை, அந்தத் தைரியம் அவளுக்கு. பிறந்தது ரனியேரி.

ஆஸ்பத்திரியில் பேரனைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அவள் சொன்ன வார்த்தை ஊர் முழுக்கச் சுற்றி வந்தது. நத்தைத் துண்டு கட்டினவன் எவனும், அது என் பேரனே ஆனாலும், என் வாசற்படியை மிதிக்கக் கூடாது. நத்தைத் தெருவில் நானும் கால் வைக்கமாட்டேன். மருமகன் மன்ஃப்ரேதி நல்ல பையன். மாமியார் வீட்டுக்கு வரும்போது துண்டைக் கழற்றிக் கார் டிக்கியில் போட்டுவிட்டுத்தான் வருவான். அதனால் அவனோடு அவளுக்குச் சண்டையில்லை.

ஞானஸ்நான நாள் தெரிந்ததும் ஒரெத்தா முதலில் செய்த காரியம், அன்று காலைக்கு ஒரு சுற்றுலாக் கூட்டத்தை ஒப்புக்கொண்டது. அவள் அரசாங்க உரிமம் பெற்ற வழிகாட்டி. தொழில் என்று ஒன்று இருக்கிறதே, அதை எவனும் குறை சொல்ல முடியாதல்லவா?

லவீனியா அதற்கெல்லாம் மசியவில்லை. முந்தின நாள் போன் செய்து ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிட்டாள். "அம்மா, நாளைக்கு நீ வரலேன்னா பந்தயத்து நாலு நாளும் நான் நம்ம வீட்டுக்கு வரமாட்டேன். இங்கேயே இருந்துடுவேன். யார் என்ன வேணா பேசிக்கட்டும்."

குதிரைப் பந்தயம் நடக்கிற அந்த நாலு நாளும் சியேனாவில் கலப்புப் பேட்டைத் தம்பதிகள் பிரிந்துவிடுவார்கள். பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஐந்தாம் நாள் ஒன்றுமே நடக்காததுபோல் திரும்பிப் போவாள். லவீனியா கல்யாணமான நாளிலிருந்து ஒரு பந்தயம் தவறாமல் வந்துவிடுவாள். அந்த நாலு நாளும் தாயும் மகளும் ஒரே கட்டிலில் படுத்து, குதிரைகளைப் பற்றியும் ஜாக்கிகளைப் பற்றியும் விடிய விடியப் பேசுவார்கள். மற்ற நாளெல்லாம் மகள் மன்ஃப்ரேதி வீட்டுப் பெண், அந்த நாலு நாள் மட்டும் அவள் ஒரெத்தாவின் பெண். பந்தய நாளில் ஒரு ஆமைப் பெண் நத்தை வீட்டிலேயே தங்கிவிட்டாள் என்றால் அப்புறம் அவள் தாய் வீட்டுக்கு எந்த முகத்தோடு வருவாள்? அந்த நாலு நாள் போனால் மகளே போனமாதிரி என்பது ஒரெத்தாவுக்குத் தெரியும். தெரிந்தும் காலையில் எழுந்து வழிகாட்டி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

கணவன் அல்வாரோ கண்ணாடி முன் நின்று டை கட்டிக்கொண்டிருந்தான். அவன் அலைப் பேட்டை, இந்தச் சண்டையில் சேராதவன்.

"நிஜமாவே வரமாட்டே?"

"நோவாராவிலேருந்து வந்திருக்காங்க. ரயில்வேல வேலை பாத்து ரிட்டயர் ஆனவங்க. பாதியில விட்டுட்டு வர முடியுமா?"

"அவங்க ரயிலுக்கே காத்திருந்தவங்க. உனக்கு அரைமணி காத்திருக்க மாட்டாங்களா?"

"டை கோணலா இருக்கு," என்று சொல்லிவிட்டு ஒரெத்தா படியிறங்கினாள்.

நோவாராக்காரர்கள் சான் தொமேனிக்கோ கோயில் வாசலில் ஏற்கெனவே வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். ரயில்வேக்காரர்கள் என்பதால் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். அவர்களுக்குத் தலைவர் செலஸ்தீனோ என்கிற முன்னாள் ஸ்டேஷன் மாஸ்டர். கையில் வரைபடம், கழுத்தில் விசில். டிக்கெட் கவுண்டரில் காலம் தள்ளிய எர்சிலியா என்கிற சின்ன உருவக் கிழவி அவருக்குப் பக்கத்தில் வைக்கோல் தொப்பியோடு நின்றாள்.

"கைடம்மா, எங்க எர்சிலியாமேல ஒரு கண் வச்சுக்கோங்க," என்றார் செலஸ்தீனோ. "பேண்ட் வாத்தியச் சத்தம் கேட்டா அது பின்னாடியே போயிடுவா. நோவாராவில ரெண்டு தடவை யார் யார் கல்யாணத்திலயோ போய் சாப்பிட்டுட்டு வந்திருக்கா."

"ஒரு தடவைதான்," என்றாள் எர்சிலியா. "இன்னொண்ணு சாவு."

கோயிலுக்குள் புனித கத்தரீனாவின் தலை கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. உடம்பு ரோமில். ஊரார் தலையை மட்டுமாவது கொண்டுவந்து சேர்த்துக்கொண்ட கதையை ஒரெத்தா எத்தனையோ ஆயிரம் தடவை சொன்னவள். அன்றும் வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போயிற்று. "உடம்ப விட்டுக் கொடுத்தாங்க, தலைய விட்டுக் கொடுக்கலை. எங்க ஊர் ஆளுங்க அப்படித்தான்," என்று முடித்தாள். கூட்டம் சிரித்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அங்கிருந்து இறங்கிப் பெரிய சதுக்கத்துக்குப் போனார்கள். கிளிஞ்சல் போலக் குழிந்து சரிகிற அந்தச் செங்கல் தரையைப் பார்த்து எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். நகர மண்டபத்துக்குள், நல்லாட்சியையும் கெட்ட ஆட்சியையும் தனித்தனிச் சுவர்களில் தீட்டியிருக்கிற அறைக்கு அழைத்துப் போனாள். நல்லாட்சிச் சுவரில் ஊர்ப் பெரியவர்கள் வரிசையாக நின்று ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். ஒற்றுமையின் அடையாளம் அது.

செலஸ்தீனோ மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "எல்லாரும் பிடிச்சிருக்காங்க சரி. இழுக்கறது யாரு?"

"யாரும் இழுக்கலை. அதான் நல்லாட்சி."

"அப்போ இது உங்க ஊர் இல்லை."

ரயில்வேக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரெத்தா அடுத்த சுவரைக் காட்டினாள். கொம்பு முளைத்த கொடுங்கோலன் அங்கே உட்கார்ந்திருக்கிறான். பிடிவாதம் பிடித்த முகம். அந்தப் படத்துக்கு முன்னால் அவள் வழக்கத்தைவிடச் சுருக்கமாகப் பேசினாள்.

வெளியே வரும்போது முரசுச் சத்தம் கேட்டது. விழா நாளில் பேட்டைக்காரர்கள் பழைய காலத்து உடையில், முரசும் கொடியுமாக ஊர் முழுக்கச் சுற்றி நட்புப் பேட்டைகளுக்கு மரியாதை செய்து வருவார்கள். அன்று நத்தையின் விழா. மஞ்சளும் சிவப்புமாக அவர்கள் சதுக்கத்துக்குள் நுழைந்தார்கள். கொடிக்காரர்கள் கொடியைச் சுழற்றி வானத்தில் எறிந்து பிடித்தார்கள். நோவாராக்காரர்கள் கை தட்டினார்கள். எர்சிலியா கூட்டத்தை விட்டு நாலைந்து அடி முன்னால் போயே விட்டாள்.

ஒரெத்தா அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள். பகைப் பேட்டை கடந்து போகும்போது ஆமைக்காரி வேறென்ன செய்வாள்?

"கைடம்மா, அவங்கள்ல ஒருத்தர் உங்களைப் பாத்துத்தான் கொடியத் தாழ்த்துறாரு," என்றாள் எர்சிலியா.

பார்க்காமலே தெரிந்தது, அது மன்ஃப்ரேதி. பட்டுக் காலுறையும் இறகுத் தொப்பியுமாக மாமியாருக்கு மரியாதை செய்கிறான். மானங்கெட்ட பையன், நல்ல பையன். ஒரெத்தா திரும்பவில்லை. முரசு தெருவுக்குள் போய் மறைகிறவரை எதிரேயிருந்த ஐஸ்கிரீம் கடைப் பலகையைப் படித்துக்கொண்டு நின்றாள்.

"யாரும்மா அது?"

"என் மருமகன்."

"அட! எதுக்கு முதுகக் காட்டினீங்க?"

ஒரெத்தா சொன்னாள். சொல்ல வேண்டுமென்று நினைத்துச் சொல்லவில்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்வது அவள் தொழில், வாய் அதற்குப் பழகிவிட்டது. பேட்டைகள், பந்தயம், பேரன், மதியம் நீரூற்றடியில் தண்ணீர் தெளிப்பது எல்லாவற்றையும் பேராலயத்துக்கு ஏறுகிற வழியில் சொல்லி முடித்தாள். எர்சிலியா மூச்சு வாங்கிக்கொண்டே கூட வந்தாள்.

"எங்கே நடக்குது அது?"

"ஓவியக் காட்சிச்சாலையிலேருந்து மேல போனா ஒரு பழைய வாசல் வளைவு வரும். அதத் தாண்டினா இறக்கம். சான் மார்க்கோ தெரு. அங்கேதான்."

"நீங்க போகலையா?"

"வேலை இருக்கே," என்றாள் ஒரெத்தா. அந்தப் பதிலில் எர்சிலியாவுக்குத் திருப்தியில்லை என்பது தொப்பிக்கடியில் தெரிந்த முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

பேராலயம் கறுப்பும் வெள்ளையும் வரிவரியாக வெயிலில் நின்றது. அதற்குப் பக்கத்தில், இன்னும் பெரிதாகக் கட்ட ஆசைப்பட்டுப் பாதியில் கைவிட்ட மொட்டைச் சுவர். ஊரில் கொள்ளைநோய் வந்து பாதி ஜனம் போனதும் வேலை நின்றுபோனது. "ப்ளோரன்ஸ்காரனைவிடப் பெரிசா கட்டணும்னு வீம்புக்குத் தொடங்கினாங்க," என்றாள் ஒரெத்தா.

"வீம்புக்கு ஆரம்பிச்சது எது முடிஞ்சிருக்கு?" என்று செலஸ்தீனோ யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். எர்சிலியா எல்லாவற்றையும் போய் அவரிடம் ஒப்பித்துவிட்டாள் போலிருக்கிறது. ஒரெத்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வாடிக்கையாளர், என்ன செய்வது? "உள்ளே போலாம், தொப்பியக் கழட்டுங்க," என்றாள்.

கடைசி இடம் ஓவியக் காட்சிச்சாலை. பழைய சியேனா ஓவியர்களின் தங்கப் பின்னணி மாதாக்கள் அறை அறையாக இருக்கிறார்கள். பாதிக் கூட்டம் கால் வலிக்கிறது என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. எர்சிலியா மட்டும் ஒவ்வொரு படமாகக் கிட்டே போய்ப் பார்த்தாள்.

"எல்லாப் பிள்ளையும் அம்மா முகத்தையே பாக்குது," என்றாள். "அம்மாங்க ஒருத்தியும் பிள்ளையப் பாக்கமாட்டேங்குறா. எங்கேயோ பாத்துட்டு இருக்கா."

"பிள்ளைக்குப் பின்னால என்ன நடக்கப் போகுதுன்னு அவளுக்குத் தெரியும். அதனாலதான்," என்றாள் ஒரெத்தா. அதுதான் எல்லா வழிகாட்டியும் சொல்கிற விளக்கம்.

"நடக்கப்போறது நடக்கட்டும். மடியில இருக்கிறப்போ பாக்க வேண்டாமா?"

அடுத்த அறையில் யாரோ கழிப்பறை எங்கே என்று கேட்டார்கள். நல்லவேளை என்று ஒரெத்தா அங்கே போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது ஜன்னல் வழியாக முரசுச் சத்தம் வந்துகொண்டிருந்தது. நத்தைக்காரர்கள் ஊர்வலத்தை நிறுத்தி ஞானஸ்நானத்துக்காகத் தங்கள் தெருவுக்குத் திரும்புகிறார்கள். செலஸ்தீனோ விரல் விட்டு ஆட்களை எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"எர்சிலியா இல்லை."

"போன் போடுங்க."

"போன் பஸ்ஸில இருக்கு. கனமா இருக்குன்னு வச்சுட்டு வந்துட்டா." அவர் ஜன்னலைப் பார்த்தார். "முரசு. நான் சொன்னேனே கைடம்மா? ஒரு கண் வச்சுக்கோங்கன்னு சொன்னேனா இல்லையா?"

எங்கே போயிருப்பாள் என்பதில் ஒரெத்தாவுக்குச் சந்தேகமே இல்லை. வழி சொன்னவள் அவளாயிற்றே. கூட்டத்தைப் பெஞ்சில் உட்காரவைத்து, யாரும் அசையக் கூடாது என்று செலஸ்தீனோவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு வாசலை மறித்து நின்றார்.

வளைவு வரை வேகமாகப் போன கால், வளைவுக்குக் கீழே போய் நின்றுவிட்டது. அங்கிருந்து தெரு இறங்குகிறது. இரண்டு பக்கமும் ஜன்னலுக்கு ஜன்னல் நத்தைக் கொடி. அவள் பிறந்தது இங்கிருந்து கூப்பிடு தூரத்தில். ஆனால் பிறந்ததிலிருந்து இந்தத் தெருவில் கால் வைத்ததில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது சுற்றிப் போனாள், பல் டாக்டரிடம் போகும்போதும் சுற்றிப் போனாள். காதலித்த காலத்தில் அல்வாரோ இந்த வழியாக ஒரு தடவை கூப்பிட்டதற்காகவே ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. யாரையாவது அனுப்பி எர்சிலியாவைக் கூட்டிவரச் சொல்லலாமா என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். தெருவில் ஈ காக்கை இல்லை, எல்லாரும் கீழே நீரூற்றடியில் இருந்தார்கள்.

வேலைக்காக, தொலைந்துபோன ஒரு கிழவியைத் தேடித்தான் போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கினாள். பத்து வீடு தாண்டுவதற்குள் மேலே ஒரு ஜன்னல் திறந்தது. கால்முறிந்து கட்டுப் போட்டிருந்த ஒரு பொம்பளை எட்டிப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"அடியம்மா! ஆமை வந்திருக்கு! வழி தப்பிட்டியா ஒரெத்தா?"

"வேலையா வந்தேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. சீக்கிரம் போ. ஆமை நடை நடந்தா பேரன் பெரியவனாயிடுவான்."

"உன் காலு இருக்கிற லட்சணத்துக்கு நீ நடையப் பத்திப் பேசாதே," என்று சொல்லிவிட்டு ஒரெத்தா நடையை எட்டிப் போட்டாள்.

வழியில் அந்தப் பேர்போன கிணறு வந்தது. முன்னொரு காலத்தில் நத்தைக்காரர்கள் பந்தயத்தில் தோற்ற கோபத்தில் தங்கள் அந்தோனியார் சிலையையே கிணற்றில் தூக்கிப் போட்டார்கள் என்பது ஆமைக்காரர்கள் சொல்லிச் சொல்லிச் சலிக்காத கதை. அதிலிருந்து நத்தைக்காரர்களுக்குச் 'சாமியை முக்கினவங்க' என்று பட்டப் பெயர். அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தியே வளர்ந்தவள் ஒரெத்தா. கிணற்றைக் கண்ணால் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை. கிணறு சின்னதாக இருந்தது.

நீரூற்றைச் சுற்றிக் கூட்டம். முன்வரிசையில் நாற்காலிகள் போட்டு, ஞானஸ்நானம் வாங்கப் போகிற பிள்ளைகளின் குடும்பங்களை உட்காரவைத்திருந்தார்கள். ஒரெத்தா ஒரு தூணோரமாக நின்று வைக்கோல் தொப்பியைத் தேடினாள். தொப்பி முன்வரிசையிலேயே இருந்தது. இந்தப் பக்கம் கோணல் டையோடு அல்வாரோ, அந்தப் பக்கம் லவீனியா. நடுவில் எர்சிலியா. எர்சிலியாவின் மடியில் ரனியேரி.

நோவாராவில் டிக்கெட் கிழித்த ஒருத்தி, காலையில்தான் அறிமுகமானவள், ஒரெத்தாவின் பேரன் கழுத்துக்கடியில் கையைக் கொடுத்து ஆட்டிக்கொண்டிருக்கிறாள். பிள்ளையும் வெட்கமில்லாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். லவீனியா இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. அம்மா வருவாள் என்று எதிர்பார்த்துப் பார்க்கிற பார்வைகூட அவளிடம் இல்லை. அதுதான் ஒரெத்தாவை நெஞ்சில் குத்தியது. மகள் காத்திருப்பதை நிறுத்திவிட்டாள்.

ஒரெத்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். கழுத்தில் தொங்குகிற அட்டையோடு ஒரு ஆமைக்காரி நத்தைப் பேட்டையின் நடுவில் நிற்கிறாள். எர்சிலியாதான் முதலில் பார்த்தாள்.

"கைடம்மா! மன்னிச்சுக்கோங்க, சொல்லாம வந்துட்டேன். நின்னுட்டுத்தான் இருந்தேன். இந்த சார்தான் நாற்காலி காலியாத்தான் கிடக்கு, உக்காருங்கன்னாரு."

அல்வாரோ டையைச் சரிசெய்துகொண்டான். "நீதான் வரமாட்டேன்னு சொல்லிட்டியே. கால் வலிக்குதுன்னாங்க."

"பாட்டிக்குப் போட்ட நாற்காலியாம்," என்றாள் எர்சிலியா. "யாருமே உக்காரலைன்னா பிள்ளைக்குப் பாவம் இல்லையா? அதான் உக்காந்தேன். கழுத்தப் பத்திரமாப் பிடிச்சிருக்கேன், பயப்படாதீங்க."

ஒரெத்தா வாயைத் திறந்தாள். உங்களைத் தேடித்தான் வந்தேன், கூட்டம் காத்திருக்கிறது, கிளம்புங்கள் என்று சொல்வதற்காகத்தான் திறந்தாள்.

"அது என் நாற்காலி," என்றாள்.

எர்சிலியா எழுந்துகொண்டாள். நத்தைப் பேட்டை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க ஒரெத்தா அந்த நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டி, பேரனை வாங்கிக்கொண்டாள். லவீனியாவின் முழங்கால் அம்மாவின் முழங்காலில் வந்து ஒட்டிக்கொண்டது.

மேலே மணிக்கூண்டில் மதிய மணி அடித்தது. பேட்டைத் தலைவர் லெயோனெத்தோ முதலில் ரனியேரியின் பேரைக் கூப்பிட்டார். குழந்தையோடு நீரூற்றடிக்கு வந்த ஒரெத்தாவை ஏற இறங்கப் பார்த்தார். அவரும் அவளும் அந்தக் காலத்தில் சதுக்கத்தில் எதிரெதிராக நின்று கத்தியவர்கள்.

"பிள்ளைய எங்காளுங்க யார்கிட்டயாவது கொடுத்துடேன் ஒரெத்தா. எங்க தண்ணி உன்மேல பட்டுத் தொலைச்சா அப்புறம் ஆமைப் பேட்டையில உன்ன உள்ளே விடமாட்டாங்க."

"உங்காளுங்க கையிலயா? தண்ணி பக்கத்திலயா?" என்றாள் ஒரெத்தா. "சாமியவே கிணத்துல முக்கினவங்க நீங்க. என் பேரன நான்தான் பிடிப்பேன்."

லெயோனெத்தோ தொப்பை குலுங்கச் சிரித்தார். கூட்டம் முழுக்க ஆரவாரம் போட்டுச் சிரித்தது. கொடியைத் தோளில் சாத்திக்கொண்டு நின்ற மன்ஃப்ரேதிதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். தலைவர் கையால் தண்ணீரை அள்ளினார். பிள்ளைமேல் விழுந்தது பாதி, வேண்டுமென்றே ஒரெத்தாவின் சட்டைமேல் விழுந்தது பாதி. ரனியேரி வீல் என்று கத்தினான். மஞ்சளும் சிவப்புமான துண்டை லவீனியா அவன் கழுத்தில் சுற்றினாள். பிள்ளை திமிறியதில் முடிச்சு விழவில்லை. ஒரெத்தாவே ஒரு கையால் பிள்ளையை அணைத்துக்கொண்டு மறு கையால் அந்த முடிச்சைப் போட்டு முடித்தாள். அவள் பேரன் நத்தையாகிவிட்டான். அவளுக்கு அது துக்கம்தான், அதில் பொய்யில்லை. ஆனால் அவன் அவள் கையில் இருந்தான்.

நாற்காலிக்குத் திரும்பியதும் லவீனியா மெதுவாகக் கேட்டாள். "வேலையாத்தானே வந்தே?"

"ஆமா. அந்தம்மாவத் தேடித்தான் வந்தேன்."

"சரி. கூட்டிட்டுப் போ."

ஒரெத்தா போகவில்லை. ஈரச் சட்டையைப் பிள்ளையின் கன்னத்தில் படாமல் ஒதுக்கிவிட்டாள். அவளுக்கு யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லை.

"பந்தயத்துக்கு வீட்டுக்கு வா லவீனியா."

"நான் வந்தா இவனும் வருவான். பால் குடிக்கிற பிள்ளை."

"தெரியும்."

"துண்டக் கழட்டமாட்டேன். அவரு கழட்டுறாரு, அது அவரு இஷ்டம். இவனோடத நான் கழட்டமாட்டேன்."

ஆமைப் பேட்டையின் நடுத்தெரு, முதல் மாடி, பால்கனியில் பெரிய ஆமைக் கொடி தொங்குகிற வீடு. அதற்குள் நாலு நாள், பந்தயத்து நாலு நாள், ஒரு நத்தை. எதிர்வீட்டுக்காரர்களின் முகம், கீழ்வீட்டுக்காரர்களின் வாய், பேட்டை விருந்தில் தன்னைப் பார்த்துப் பாடப்போகிற பாட்டு எல்லாம் ஒரெத்தாவின் கண் முன்னால் வந்து போயின. ஊரெல்லாம் கேட்கச் சொன்ன வார்த்தையும் வந்தது. ரனியேரி அழுகையை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் அவனைப் பார்த்தாள்.

"கழட்ட வேண்டாம், துண்டோடயே வரட்டும்," என்றாள். "ராத்திரி அழுதான்னா ஜன்னல மட்டும் சாத்திடுவேன். நத்தை அழுறத கேட்டா எங்க தெருவில ஒருத்தனும் தூங்கமாட்டான், சந்தோஷத்துல."

லவீனியா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அம்மாவின் ஈரத் தோளில் முகத்தை வைத்து அழுதாள். ஓவியக் காட்சிச்சாலைப் பக்கமிருந்து ரயில்வே விசில் நீளமாக இரண்டு தடவை கேட்டது. எர்சிலியா தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நீங்க இருங்க கைடம்மா. வழி எனக்குத் தெரியும். எல்லாரையும் இங்கேயே கூட்டிட்டு வந்துடுறேன்," என்றாள்.